ஸ்பானிஷ்ல ‘யாரோ’, ‘ஏதாவது’, ‘எது வேணும்னாலும்’: எங்க எதப் போடறது?

மொரிஷியஸ்ல ஹோட்டல் ரிசப்ஷன்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். ஸ்பெயின்லேருந்து கெஸ்ட் வர்றாங்க, ஆப் வச்சு ஸ்பானிஷ் படிக்கிறேன், இங்கிலீஷ்ல ‘எனி’ன்னு ஒரே ஒரு வார்த்தை இருக்கற இடத்துல ஸ்பானிஷ்ல ஆல்கியென், ஆல்கோ, அல்கூனோ, நிங்கூனோ, குவல்கியேரான்னு அஞ்சாறு வருது, எத எங்க போடணும்னே புரியல, ‘எந்த மேசையில வேணும்னாலும் உக்காருங்க’ன்னு சொல்லப் போய் வேற என்னமோ சொல்லிட்டேன் போல, கெஸ்ட் முழிக்கிறாங்க, இதுதான் கேள்வி. கடைசியா ‘ஆளுக்கொரு சாவி’ன்னு எப்படி சொல்றதுன்னும் கேட்டிருக்கார். பாத்தா வார்த்தைக்கு அர்த்தம் கேக்குற மாதிரி இருக்கு, ஆனா தம்பி உண்மையில கேக்குறது, ஒரு ஆளையோ பொருளையோ பேர் சொல்லாம பேசும்போது ஸ்பானிஷ்காரங்க மனசுல என்ன கணக்கு ஓடுதுங்கறத. அதுக்கு பதில் சொல்லலாம், ஏன்னா அதே கணக்கு நம்ம தமிழ்லயே ஓடிட்டு இருக்கு.

நான் காரைக்கால்ல பொறந்தவ, இப்ப மொரிஷியஸ் பக்கத்துல இருக்கற பிரெஞ்சு தீவு ரீயூனியன்ல, செந்தெனிங்கற ஊர்ல இருக்கேன், பத்தொம்போது வருஷமா பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கறேன். இங்க பிரெஞ்சு பாடத்திட்டம்தான், ரெண்டாவது அந்நிய மொழியா நிறைய புள்ளைங்க ஸ்பானிஷ்தான் எடுக்கும். அதுங்க பிரெஞ்சு வழியா, இந்த தீவோட பேச்சு மொழி கிரியோல் வழியா ஸ்பானிஷுக்கு வரும், நீங்க இங்கிலீஷ் வழியா வர்றீங்க. ரெண்டு வழியிலயும் இந்த இடத்துல பள்ளம் இருக்கு. தமிழ் வழியா போனா பள்ளம் ரொம்ப கம்மி, இத நான் தமிழ் பாசத்துல சொல்லல, பாருங்க நீங்களே. (ஸ்பானிஷ் வார்த்தையெல்லாம் காதுக்கு எப்படி கேக்குதோ அப்படியே தமிழ்ல எழுதறேன்.)

தமிழ்ல ‘யார்’ங்கற ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு பின்னாடி ஒட்டறத மாத்தி மாத்தி எத்தன சொல்றோம்! யாரோ வந்தாங்க. யாராவது வாங்க. யாரும் வரல. யார் வேணும்னாலும் வரலாம். நாலும் வேற வேற, எந்தக் குழந்தையும் இத குழப்பிக்காது. ‘யாராவது வந்தாங்க’ன்னு நடந்து முடிஞ்ச விஷயத்த யாரும் சொல்ல மாட்டோம், காதுக்கே ஒத்துக்காது. இங்கிலீஷ் ‘எனி’ இந்த நாலுல மூணத் தூக்கி ஒரே மூட்டையில கட்டிடுது, அதான் உங்க ஆப்ல குழப்பம். ஸ்பானிஷ் மூட்டையப் பிரிச்சுத்தான் வைக்குது, நம்மள மாதிரி. யாரோ, யாராவது ரெண்டுக்கும் ஆல்கியென். யாரும் இல்ல, யாரும் வரலன்னு வினை எதிர்மறையில முடிஞ்சா நாதியே. யார் வேணும்னாலும்னா குவல்கியேரா. பொருளுக்கு இதே வரிசையில ஆல்கோ, நாதா, அப்பறம் குவல்கியேர் கோசா. நாதியே ஞாபகம் நிக்கலன்னா நம்ம ‘நாதியே இல்ல’ங்கறத நினைச்சுக்குங்க, ‘நோ ஆய் நாதியே’ன்னா அங்க ஈ காக்கா இல்லன்னு அர்த்தம். ரெண்டு மொழிக்கும் இதுல சொந்தம் கிடையாது, சத்தம் தற்செயலா ஒத்துப் போகுது, ஆனா என் கிளாஸ்ல தமிழ் வீட்டுப் புள்ளைங்க இத ஒரு தடவ கேட்டா மறக்கறதில்ல.

குவல்கியேராவ கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும், எனக்கு இந்த வார்த்தை மேல தனி ஆச. குவல்னா ‘எது’. கியேராங்கறது ‘வேணும்’ங்கற வினையோட ஒரு வடிவம். ரெண்டையும் ஒட்டினா ‘எது வேணுமோ’. நம்ம ‘எது வேணும்னாலும்’ எந்த அச்சுல வார்த்ததோ அதே அச்சு! எங்கயோ ஐரோப்பா மூலையில இருக்கற மொழியும் நம்ம மொழியும் ‘விருப்பம் உன்னோடது, எனக்கு எதுவும் ஓகே’ங்கறத சொல்ல அதே ரெண்டு கல்லத்தான் எடுத்து அடுக்கியிருக்கு. பிரெஞ்சுல இதுக்கு ‘நேம்போர்த்’னு சொல்வாங்க, அதுல இருக்கறது ‘எதுவா இருந்தா என்ன’ங்கற அலட்சியம், விருப்பம் இல்ல. அதனால எங்க புள்ளைங்களுக்கு குவல்கியேராவோட மரியாத புரிய நாளாகும், உங்களுக்கு ஆகாது.

இப்ப உங்க மேசைக்கு வருவோம். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா கடைசி ‘ஆ’ உதிர்ந்து குவல்கியேர்னு நிக்கும், ஆண்பால் பெண்பால் ரெண்டுக்கும் அதேதான்: குவல்கியேர் மேசா, குவல்கியேர் தீயா. (மேசான்னா மேசைதான், நமக்கு அது போர்ச்சுகீஸ்லேருந்து வந்துச்சு, ஸ்பானிஷ்லயும் அதே வார்த்தை.) தனியா நின்னா முழுசா குவல்கியேரா. ஆனா நீங்க கெஸ்ட்ட உக்காரச் சொல்லும்போது ஸ்பெயின்காரங்க வாயில இயல்பா வர்றது இது ரெண்டும் இல்ல, ‘சியேந்தென்சே தோந்தே கியேரான்’, எங்க பிரியமோ அங்க உக்காருங்க. மேசையப் பத்தியே பேச்சுன்னா ‘லா கே கியேரான்’, எது வேணுமோ அது. பாருங்க, தமிழ்லயும் உபசரிக்கும்போது ‘எந்த மேசையில வேணும்னாலும்’னு நீட்டறத விட ‘உங்களுக்கு எது வசதியோ அதுல உக்காருங்க’ன்னாதான் மனசுக்கு இதமா இருக்கு. ரிசப்ஷன்ல நிக்கறவருக்கு தோந்தே கியேரா, குவாந்தோ கியேரா, லோ கே கியேரா, அதாவது எங்க, எப்ப, என்ன வேணுமோ, இந்த மூணும் தங்கம். ஒருத்தர்கிட்டன்னா கியேரா, பல பேர்கிட்டன்னா கியேரான்.

ஒரு எச்சரிக்கை, இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். படிக்கற காலத்துல ஸ்பெயின்ல வயதோலித்ங்கற ஊர்ல ஒரு வீட்ல பேயிங் கெஸ்ட்டா இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டம்மா வெளிய போயிருந்தப்ப ஒரு பொண்ணு வந்து கதவத் தட்டிட்டுப் போச்சு. வீட்டம்மா வந்து கோட்ட கழட்டிக்கிட்டே யார் வந்தாங்கன்னு கேட்டாங்க, நான் ‘யாரோ ஒரு பொண்ணு’ன்னு சொல்றதா நினைச்சு ‘ஊனா குவல்கியேரா’ன்னேன். அவங்க கை பாதி கோட்டுலயே நின்னுடுச்சு. வந்தது அவங்க அக்கா மக. ‘ஊனா குவல்கியேரா’ன்னா நடத்த சரியில்லாதவன்னு அர்த்தம்னு அப்பறமா பொறுமையா உக்கார வச்சு சொன்னாங்க, ‘ஊனா சீக்கா’, ஒரு பொண்ணு, அப்படின்னா போதும்னாங்க. ஆம்பளைக்கு ‘உன் குவல்கியேரா’ன்னா ஒண்ணுக்கும் உதவாதவன், அவ்வளவுதான், பொம்பளைக்கு மட்டும் வச வேற தினுசா போகுது. நம்ம ‘கண்டவன்’, ‘கண்டவ’ ரெண்டும் ஒரே எடையில்லாத மாதிரி. அதனால முன்னாடி ‘உன்’, ‘ஊனா’ (ரெண்டும் நம்ம ‘ஒரு’தான்) போட்டு குவல்கியேராவ ஒரு ஆள் மேல வைக்கவே வைக்காதீங்க. பொருளுக்கு, நாளுக்கு வைக்கலாம்: ‘உன் தீயா குவல்கியேரா’ன்னா விசேஷம் எதுவும் இல்லாத சாதாரண ஒரு நாள்.

கண்டதுன்னு வந்துட்டதால இதையும் சொல்லிடறேன். ‘நோ கோமோ நாதா’ன்னா நான் எதுவும் சாப்பிடறதில்ல. ‘நோ கோமோ குவல்கியேர் கோசா’ன்னா நான் கண்டதையும் சாப்பிட மாட்டேன். இங்கிலீஷ் ரெண்டுக்கும் ‘எனிதிங்’தான், ரெண்டாவதுக்கு ‘ஜஸ்ட்’ ஒண்ண முன்னாடி சேத்துப்பாங்க. கெஸ்ட் ரெண்டாவத சொன்னா அவர் பட்டினி கிடக்கல, மெனுவ நல்லா பாத்து எடுத்துக் குடுங்கன்னு கேக்குறார்.

எதிர்மறைல இன்னொரு நல்ல சேதி. இங்கிலீஷ்காரங்க ‘நோ’வும் போட்டு ‘நாதியே’வும் போடறதப் பாத்து ரெண்டு தடவ இல்லன்னு சொல்றாங்களேன்னு பதறுவாங்க. நமக்கு என்ன பதட்டம், ‘யாரும்’ போட்டு ‘வரல’வும் போடறவங்கதானே நாம. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: நாதியே, நாதா, நிங்கூனோ வினைக்கு முன்னாடி வந்தா ‘நோ’ விழுந்துடும். ‘நோ ஆ வெனீதோ நாதியே’, ‘நாதியே ஆ வெனீதோ’, ரெண்டும் யாரும் வரலதான். ஆள செயப்படுபொருளா சொன்னா முன்னாடி ‘ஆ’ங்கற எழுத்து வரணும், ‘நோ வேயோ ஆ நாதியே’, யாரையும் பாக்கல. யாரும், யாரையும்னு நாம ‘ஐ’ போடற இடம்னு வச்சுக்குங்க, ஆளுக்கு மட்டும். நிங்கூனோவுக்கு பன்மை சாதாரணமா கிடையாது, பத்து ரூம் இருந்து பத்தும் நிறைஞ்சாலும் ‘நிங்கூனா அபித்தாசியோன்’னு ஒருமைதான், நம்ம ‘ஒரு ரூம் கூட இல்ல’ மாதிரி. கண்ணாடி, கத்திரிக்கோல்னு எப்பவும் பன்மைலயே இருக்கற பொருளுக்கு மட்டும் விலக்கு.

அடுத்தது, புஸ்தகத்துல கடைசி பக்கத்துக்கு தள்ளி வச்சிருப்பாங்க, ஆனா இதுதான் உசிரு. ஆல்கியென் ஒண்ணுதான் யாரோவுக்கும் யாராவதுக்கும்னு சொன்னேன் இல்லையா, அப்ப வித்தியாசத்த எங்க காட்றாங்கன்னா, பின்னாடி வர்ற வினைல. ‘கொனோஸ்கோ ஆ ஆல்கியென் கே ஆப்லா தமில்’, தமிழ் பேசற ஒருத்தர எனக்கு தெரியும். ‘புஸ்கோ ஆ ஆல்கியென் கே ஆப்லே தமில்’, தமிழ் பேசற யாராவது கிடைப்பாங்களான்னு தேடறேன். ஆப்லா, ஆப்லே, ஒரு எழுத்து. ஆள் இருக்கார்னு உறுதியா தெரிஞ்சா, அது தமிழ்ல ‘ஒருத்தர்’னு வந்தாலும் சரி, ‘யாரோ’ன்னு வந்தாலும் சரி, சாதாரண வினை. ‘யாராவது’ன்னா ஆள் இன்னும் கண்ணுல படல, இருக்காரோ இல்லையோ, அப்ப ஆப்லார் மாதிரி ‘ஆர்’ல முடியற வினை அந்த ‘ஏ’ பக்கம் சாயும், மத்த வினை கியேரா மாதிரி ‘ஆ’ பக்கம் சாயும், இலக்கணத்துல அத சுப்ஹுந்தீவோன்னு சொல்வாங்க. ‘அந்த மாதிரி யாரும் இல்ல’ன்னாலும் அதே சாய்வுதான்: ‘நோ ஆய் நாதியே கே ஆப்லே தமில்’. பிரெஞ்சு புள்ளைங்க இத மனப்பாடம் பண்ணி பண்ணி மறக்கும். நீங்க பண்ண வேண்டியது, மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாக்கறது, ‘ஆவது’ வந்தா சாய்ச்சுடுங்க. நூத்துக்கு நூறு பொருந்தும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ரிசப்ஷன்ல நடக்கற பேச்சுக்கு இது கைவிடாது.

அல்கூனோ எங்க வரும்? ஏற்கனவே கண்ணு முன்னாடி ஒரு கூட்டம் இருந்து அதுல ஒண்ணு, ஒருத்தர்னா அல்கூனோ. வாசல்ல சத்தம் கேட்டா ஆல்கியென். எதிர்ல நிக்கற எட்டு பேர்ல யாராவது ஒருத்தருக்கு டாக்ஸி வேணுமான்னா ‘அல்கூனோ தே உஸ்தேதெஸ்’. பெயர்ச்சொல்லோட ‘எந்த, ஏதாவது ஒரு’ங்கற இடத்துலயும் இதுதான், ஆண்பால் ஒருமைக்கு முன்னாடி அல்கூன்னு சுருங்கும்: அல்கூன் தீயா, என்னைக்காவது ஒரு நாள். அல்கூனா வேஸ், எப்பவாவது. கேள்வி கேக்கும்போது ஆப் ‘எனி லக்கேஜ்’னு காட்றதப் பாத்து அல்கூன் போட்டுடாதீங்க, ‘தியேனே எகிப்பாஹே?’ அவ்வளவுதான், லக்கேஜ் இருக்கா? தமிழ்ல ‘ஏதாவது’ போடாம கேக்குற இடத்துல ஸ்பானிஷும் வெறுமனதான் கேக்கும். ‘ஏதாவது அலர்ஜி இருக்கா’ன்னு நாம போட்டு கேக்குறோமே, அங்க அவங்களும் ‘தியேனே அல்கூனா அலெர்ஹியா?’ வேற ஏதாவது வேணுமான்னா ‘தெசேயா ஆல்கோ மாஸ்?’ அப்பறம் ஒரு விசித்திரம், அல்கூனோ பெயருக்கு பின்னாடி போய் எதிர்மறைல நின்னா அர்த்தம் தலகீழ்: ‘சின் தூதா அல்கூனா’ன்னா எந்த சந்தேகமும் இல்லாம. எழுத்துல, மரியாதையான பேச்சுல வரும், புரிஞ்சா போதும்.

அளவுக்கு வந்தா தமிழ் இன்னும் கிட்ட. கல்யாணத்துக்கு ‘ஒரு இருபது பேர் வந்தாங்க’ன்னா நாம எண்ணிப் பாத்து சொல்லல, தோராயம். ஸ்பானிஷ்லயும் அந்த ‘ஒரு’வையே பன்மையாக்கி முன்னாடி வைப்பாங்க, ‘ஊனாஸ் வெயின்தே பெர்சோனாஸ்’. நூத்திச்சொச்சம்னா ‘சியெந்தோ இ பீகோ’, பீகோன்னா பறவையோட மூக்கு, நுனி, முழு எண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கற சொச்சம். அங்கொண்ணும் இங்கொண்ணுமான்னா ‘அல்கூன் கே ஓத்ரோ’. அல்கூனோஸ்னா சிலர், மத்தவங்க அப்படி இல்லங்கறது உள்ள இருக்கு: சில கெஸ்ட் காலைல டிபன் சாப்பிடறதில்லன்னா அல்கூனோஸ்தான், ஊனோஸ் அங்க ஒட்டாது. வாரியோஸ் சிலவுக்கும் பலவுக்கும் நடுவுல, நான் ‘நாலஞ்சு’ன்னு சொல்லிக் குடுக்கறேன், ஆனா அது எண்ணிக்கை இல்ல, பேசறவர் மனச பொறுத்து கூடும் குறையும். போக்கோவுக்கும் உன் போக்கோவுக்கும் நடுவுல நம்ம ‘தான்’ ஒளிஞ்சிருக்கு. ‘ஆய் போக்கா ஆகுவா’, தண்ணி கொஞ்சம்தான் இருக்கு, கவலை. ‘ஆய் உன் போக்கோ தே ஆகுவா’, கொஞ்சம் தண்ணி இருக்கு, பரவால்ல. முதல்ல போக்கா தண்ணியோட பால் பாத்து மாறுது, ரெண்டாவதுல மாறாது. ‘ஊனா போக்கா தே’ன்னு சில ஊர்ல பேசறத கேப்பீங்க, கேட்டுக்குங்க, நீங்க சொல்லாதீங்க.

பிரெஞ்சு தெரிஞ்ச நம்ம தீவுக்காரங்க தடுக்கி விழற ரெண்டு இடம். தண்ணி, ரொட்டி, பணம்னு எண்ண முடியாதத பிரெஞ்சு ‘துய், தெ லா’ போடாம சொல்லாது, அதப் பாத்து ஸ்பானிஷ்லயும் எதையாவது ஒட்டிடறோம். வேணாம். ‘கியேரே ஆகுவா?’ தண்ணி வேணுமா, மொட்டையா, தமிழ் மாதிரி. இன்னொண்ணு ‘உன் ஓத்ரோ’. பதினஞ்சு வயசுப் புள்ளைங்க பரீட்சை பேப்பர்ல வருஷா வருஷம் இத செவப்பு பேனாவுல அடிச்சு அடிச்சு கை வலிக்குது. ஓத்ரோவுக்கு முன்னாடி உன் கிடையாது, ‘ஓத்ரோ கஃபே’, இன்னொரு காபி, ‘இன்னொரு’வுக்குள்ளயே ஒண்ணு இருக்கு பாருங்க. ஒரே குறை, நமக்கு ‘இன்னொரு’ வேற, ‘வேற’ வேற, ஓத்ரோ ரெண்டும் ஆகும். கெஸ்ட் ‘ஓத்ரா அபித்தாசியோன்’ கேட்டா கூட ஒரு ரூமா, இத விட்டுட்டு வேற ரூமான்னு முகத்தப் பாத்து புரிஞ்சுக்கணும். கூட ஒண்ணுன்னா நீங்க ‘ஓத்ரா மாஸ்?’னு திருப்பிக் கேட்டு உறுதி பண்ணிக்கலாம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எந்த நாட்டு ஸ்பானிஷ்காரரும் பெரும்பாலும் ஒத்துக்கறது. இனி கொஞ்சம் வழுக்கற இடம். குவல்கியேராவோட பன்மை குவலெஸ்கியேரா, வார்த்தையோட கடைசில இல்ல, நடுவுல பன்மையாகுது, எழுத்துல சரி அதுதான், ஆனா பேச்சுல ஸ்பானிஷ்காரங்களே அத விட்டுட்டு ஒருமையையே போட்டுடறாங்க. ‘ஆல்கியென் தே உஸ்தேதெஸ்’னு சொல்லலாமா, அல்கூனோதானான்னு இலக்கணக்காரங்க வாக்குவாதம் பண்ணிட்டே இருப்பாங்க, நான் அல்கூனோ பக்கம், அதுல யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. தெமசியாதோன்னா ஸ்பெயின்ல ‘அளவுக்கு மீறி’, லத்தீன் அமெரிக்கால சில நாட்ல ‘ரொம்ப’ன்னு பாராட்டாவும் வரும். பஸ்தாந்தே ‘போதும்’ங்கற அளவா, ‘நல்லாவே நிறைய’ங்கற அளவாங்கறது குரலப் பொறுத்தது. நான் ஸ்பெயின் பக்கத்து பேச்ச படிச்சவ, வகுப்புல நிக்கறவ, உங்க டெஸ்க்ல அர்ஜெந்தினாக்காரரோ மெக்சிகோக்காரரோ வந்தா இந்த சில்லறை விஷயத்துல அவங்க சொல்றதையே எடுத்துக்குங்க.

‘ரெண்டுல எது வேணும்’ங்கறது ரிசப்ஷன்ல தினம் வரும்னு நினைக்கறேன். ‘குவால் தே லோஸ் தோஸ்?’ ரெண்டுல எது? அவர் ‘குவல்கியேரா தே லோஸ் தோஸ்’னா எதுன்னாலும் சரி. ‘நிங்கூனோ தே லோஸ் தோஸ்’னா ரெண்டும் வேணாம். ‘லோஸ் தோஸ்’னா ரெண்டுமே குடுங்க.

கடைசியா உங்க ஆளுக்கொரு சாவி. இதுக்கு ஸ்பானிஷ்ல சேந்தோஸ்னு ஒரு வார்த்தை இருக்கு, பெண்பாலுக்கு சேந்தாஸ், எப்பவும் பன்மை. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒண்ணு ஒண்ணு, ‘ஆளுக்கொரு’ங்கறத ஒரே வார்த்தைல சொல்லுது, இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் இப்படி ஒண்ண தேடிப் பாத்தேன், கிடைக்கல. ஆனா அது எழுத்து வழக்கு, ஸ்பானிஷ் பேசறவங்களே பல பேர் அத ‘ரெண்டும்’ங்கற அர்த்தத்துல தப்பா எழுதறாங்க. அதனால கவுண்ட்டர்ல வேணாம். ரெண்டு கார்டையும் கையில எடுத்து ஒருத்தருக்கு ஒண்ணா நீட்டிக்கிட்டே ‘ஊனா யாவே பாரா காதா ஊனோ’ன்னு சொல்லுங்க. காதாங்கறது ‘ஒவ்வொரு’, பால், எண் எதுக்கும் மாறாது. ரெண்டு பேரும் பொண்ணுங்கன்னா கடைசி வார்த்தை மட்டும் ஊனா.